செபாங்கில் டொயோட்டா 86: எண்ணெய்ச் சூடு 134 டிகிரி. ரேடியேட்டரா, விங்கா, எது முதல்ல?

கிள்ளான்86:

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். எஞ்சின் கம்பெனியில இருந்து வந்தபடியேதான் இருக்கு, டர்போ கிடையாது. கோயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்), டிராக் பிரேக் பேட், 225 டயர், இவ்வளவுதான் மாத்தியிருக்கேன்.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு சூடு. செபாங் ரேஸ் டிராக்ல முழு வேகத்துல ஓட்டினா மூணாவது லேப் முடியறதுக்குள்ள எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டிடுது. கார் கம்ப்யூட்டர்ல இருந்து அளவு படிக்கற ஓபிடி ஆப்ல 134 வரைக்கும் பார்த்தேன். தண்ணி 103, 104-ல நிக்குது. அதுக்கு மேல மனசு கேக்கறதில்லை, ஒரு லேப் மெதுவா சுத்தி ஆற விடறேன். மத்தியான செஷன்ல ஓட்டற நேரத்தை விட ஆற விடற நேரம்தான் அதிகம்.

ரெண்டாவது, 5-ம் வளைவுல இருந்து 6-க்கு மாறும்போது பின்பக்கம் லேசாகுது. 140, 150 வேகத்துல அந்த இடது வலது மாற்றத்துல நம்பி மிதிக்க முடியலை.

கையில ஐயாயிரம் ரிங்கிட் இருக்கு. பெரிய அலுமினிய ரேடியேட்டர், ஒன்றரை மீட்டர் விங் (காத்தால பின்பக்கத்தைத் தரையில அழுத்தற இறக்கை), பொனட் பின்பக்கத்தை ஸ்பேசர் வச்சுத் தூக்கறது, இந்த மூணும்தான் யோசனை. என் பொமன் (மெக்கானிக்) மூணையும் ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றேங்கறார். ஓட்டி அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காத்துவழி:

தம்பி, காசை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நீங்க சொன்ன மூணுல ஒண்ணு இப்போதைக்குத் தேவையில்லை, ஒண்ணு பிறகு பார்க்கலாம், ஒண்ணு பண்ணவே கூடாது.

முதல்ல நம்ம ஊர் வெப்பம். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேத்தும்ங்கறது தண்ணிக்கும் உள்ளே வர்ற காத்துக்கும் நடுவுல எத்தனை டிகிரி வித்தியாசம்ங்கறதைப் பொறுத்தது. இங்கிலாந்துல 15 டிகிரி காத்து, 95 டிகிரி தண்ணின்னா வித்தியாசம் 80. செபாங்ல 34 டிகிரி காத்துன்னா வித்தியாசம் 61. அதே ரேடியேட்டர் அதே வேகத்துல முக்கால் பங்கு வேலைதான் செய்யும். கம்பெனி ரேடியேட்டரே போதும்னு வெளிநாட்டுக்காரர் எழுதினா அவர் ஊருக்கு அது உண்மை. நமக்குப் பொருந்தாது. இதுல வெயில்ல காய்ஞ்ச தாருக்கு ஒரு அடி மேல இருக்கற காத்து இன்னும் சூடு. முன்னாடி போற காரை ஒட்டிப் போனா அது விட்ட சூடும் சேர்ந்து உங்க பம்பருக்குள்ளதான் வரும்.

அப்போ பெரிய ரேடியேட்டர் வேணும்தானேன்னு கேப்பீங்க. பொனட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னாடி பம்பர் ஓரமா கையை விட்டுப் பாருங்க. பக்கத்துல, மேல, கீழன்னு கை நுழையற இடைவெளி இருக்கும். காத்து எப்பவும் தடையில்லாத வழியைத்தான் தேடும். கிரில் வழியா வந்த காத்துல கணிசமான பங்கு ரேடியேட்டரோட மெல்லிய ஃபின் தகடுகளைத் தொடாமலே அந்த இடைவெளி வழியா நழுவிடும். ரெண்டு மடங்கு தடிமனான ரேடியேட்டர் போட்டா அதுக்குள்ள புகறது காத்துக்கு இன்னும் கஷ்டம், நழுவறது இன்னும் கூடும். செலவு பண்ணியும் டிகிரி இறங்கலைன்னு வர்றவங்கள்ல பாதிப் பேரோட கதை இதுதான்.

அடுத்தது வெளியேற வழி. இதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. ரேடியேட்டருக்கு முன்னாடி அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், பின்னாடி எஞ்சின் பேயிலயும் (எஞ்சின் உட்கார்ந்திருக்கற அறை) அதே அழுத்தம் இருந்தா காத்து நகராது. ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து எதிர்ப்பக்கக் கதவைச் சாத்தி வச்சா வீட்டுக்குள்ள காத்து வராத மாதிரிதான். கிரில்லைப் பெரிசா வெட்டறதை விட, பின்னாடி அழுத்தத்தைக் குறைக்கறதுதான் பலன் தரும். உள்வாய் ரேடியேட்டர் முகத்துல கால் பங்கு, மூணுல ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆனா வாயில இருந்து ரேடியேட்டர் வரைக்கும் ஓட்டையில்லாம, மெல்ல மெல்ல அகலமாகற டக்ட் (காத்து போற அடைச்ச வழி) இருக்கணும்.

இந்த இடத்துலதான் சூடும் ஏரோவும் (கார் மேல காத்து காட்டற விசை) ஒரே கணக்கா ஆகுது. எஞ்சின் பேயில அடைபட்ட காத்து பொனட்டைக் கீழ இருந்து தூக்குது, மிச்சம் காருக்கு அடியில வழிஞ்சு முன்சக்கரத்தோட பிடியைக் குறைக்குது. அதே காத்தைப் பொனட் மேல் வழியா வெளியே விட்டா தண்ணியும் ஆறும், முன்பக்கமும் தரையில அழுந்தி நிக்கும். ரெண்டையும் தனித்தனிக் கடையில தனித்தனிப் பொருளா வாங்காதீங்க.

பொனட்டைப் பின்னாடி தூக்கறதைப் பத்தி அடுத்து எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. 2, 9, 15 இந்த மெதுவான வளைவுகள்லயும் பின்பக்கம் லேசாகுதா, இல்லை 5, 6-ல மட்டுமா?

ரவாங்_டிரிஃப்ட்:

அண்ணே, பொனட் ஸ்பேசர் வேலை செய்யுதே. என் வண்டியில போட்டிருக்கேன். ஜாம்ல நிக்கும்போது சூடு அப்படியே மேல வர்றதைக் கையை வச்சாலே தெரியுது. விலையும் அம்பது ரிங்கிட் கூட ஆகாது.

காத்துவழி:

ரவாங், நிக்கும்போது நீங்க சொல்றது சரிதான். சூடான காத்து தானா மேல எழும்பும், வழி இருந்தா போகும். 150-ல நடக்கறது வேற. பொனட் மேல ஓடி வர்ற காத்து கண்ணாடியோட அடியில மோதி வேகம் குறையுது, அந்த இடத்துல அழுத்தம் ஏறுது. இதுக்குச் சாட்சி உங்க காரே. கேபினுக்குள்ள வெளிக்காத்து எடுக்கற வாயைக் கார் கம்பெனிகள் எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க. வைப்பருக்கு அடியில, கண்ணாடி ஓரமா. அழுத்தம் அதிகமுள்ள இடம், ஃபேன் ஓடாட்டாலும் காத்து உள்ள வரும்னுதான் அங்க வச்சிருக்காங்க. அதே இடத்துல பொனட்டைத் திறந்து வச்சா வேகமா போகும்போது எஞ்சின் பேக்குள்ள காத்தைத் தள்ளறோம். ரேடியேட்டருக்குப் பின்னாடி அழுத்தம் கூடிடும். டிராக்குக்கு அது எதிர்வேலை.

பொனட்ல அழுத்தம் குறையற இடம் முன்பகுதி. மூக்கைத் தாண்டி வளைஞ்சு மேல ஏறினதும் காத்து வேகமெடுக்குதே, அந்த முன்பக்க மூணுல ஒரு பங்கு. லூவர் (காத்து வெளியேற வெட்டற சாய்வான பட்டைத் திறப்பு) அங்கதான் வெட்டணும், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால. முன்விளிம்புல மேல் நோக்கி ஒரு சின்ன உதடு வச்சா அதுக்குப் பின்னாடி அழுத்தம் இன்னும் இறங்கும்.

கிள்ளான்86:

நன்றி அண்ணே. 2, 9, 15 மூணுலயும் ஒரு குறையும் இல்லை, பின்பக்கம் நல்லா பிடிக்குது. 15-ல கொஞ்சம் அண்டர்ஸ்டியர்தான் (திருப்பின அளவுக்குத் திரும்பாம முன்பக்கம் வெளியே தள்ளறது) இருக்கு. வேகமான இடத்துல மட்டும்தான் பயம்.

பொனட்ல அழுத்தம் எங்க குறையுதுன்னு என் காருக்கு எப்படிக் கண்டுபிடிக்கறது? வெட்டினா வெட்டினதுதானே.

டெல்டா_பி:

இதுக்கு நான் பதில் சொல்றேன், எனக்குப் பிடிச்ச வேலை.

மீன்தொட்டிக் கடையில கிடைக்கற தெளிவான பிளாஸ்டிக் குழாய் நாலைஞ்சு மீட்டர் வாங்குங்க. நடுப்பகுதியை ஆங்கில ‘யூ’ எழுத்து வடிவுல வளைச்சு ஒரு பலகையில ஒட்டி, பக்கத்துல ஸ்கேல் வைங்க. சாயம் கலந்த தண்ணியைப் பாதி வரைக்கும் ஊத்துங்க. ஒரு முனையை ரேடியேட்டருக்குப் பின்னாடி எஞ்சின் பேயில, ஃபேன் காத்து நேரா படாத இடத்துல கட்டுங்க. இன்னொரு முனையை மெல்லிய தட்டு ஒண்ணுல துளை போட்டு அதுல பொருத்தி, துளை மேல் நோக்கி இருக்கற மாதிரி பொனட் மேல தட்டையா டேப் போட்டு ஒட்டுங்க. குழாய் வாய் காத்துக்கு நேரா நிக்கக் கூடாது, காத்து அதுக்குக் குறுக்காதான் ஓடணும். பலகை பக்கத்து சீட்ல இருக்கறவர் மடியில. ஓட்டறவர் ரோட்டை மட்டும் பார்க்கணும், அளவை மத்தவர் போன்ல வீடியோ எடுக்கட்டும்.

ஹைவேயில சட்டப்படி 110-ல போனாலே போதும். நம்ம வெப்பத்துல காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 கிலோ. அந்த வேகத்துல மோதற காத்தோட முழு அழுத்தம் சுமார் 540 பாஸ்கல், தண்ணி உயரத்துல சொன்னா 55 மில்லிமீட்டர். கண்ணால பார்த்துப் படிக்க இது தாராளம். பொனட் பக்கத்துக் குழாயில தண்ணி மேல ஏறினா அந்த இடம் எஞ்சின் பேயை விட அழுத்தம் குறைஞ்சது, லூவர் வெட்டலாம். எஞ்சின் பேப் பக்கம் ஏறினா அங்க வெட்டக் கூடாது. மூக்குல இருந்து கண்ணாடி வரைக்கும் நாலைஞ்சு இடத்துல ஒட்டி ஒட்டிப் பாருங்க. பொனட் மேல ஒரு வரைபடமே கிடைக்கும். அதே குழாயை முன்சக்கர ஆர்ச்சுக்குள்ள (சக்கரத்துக்கு மேல இருக்கற குழி) வச்சும் பாருங்க, ஆயில் கூலர் (எண்ணெயை ஆற வைக்கற சின்ன ரேடியேட்டர்) வைக்கும்போது அந்த அளவு உதவும்.

இப்போ விங் கணக்கு. ஒன்றரை மீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் ஆழம்னா பரப்பு 0.375 சதுர மீட்டர். லிஃப்ட் எண் (விங் காத்தை எவ்வளவு விசையா மாத்துதுங்கற அளவு) 1 வர்ற கோணத்துல வச்சா 100-ல 17 கிலோ, 150-ல 38 கிலோ, 180-ல 55 கிலோ டவுன்ஃபோர்ஸ் (கீழ்நோக்கி அழுத்தற விசை). வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனாலதான் மெதுவான வளைவுல விங் இருக்கறதே தெரியாது. விங் பின்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால உட்கார்ந்திருக்குன்னு வைங்க. 86-ஓட வீல்பேஸ் 2,570 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி 150-ல பின்சக்கரத்துக்கு 47 கிலோ கூடும், முன்சக்கரத்துல இருந்து 9 கிலோ குறையும். பின்னாடி வாங்கினதுல ஒரு பகுதியை முன்னாடி கொடுக்கறீங்க. 15-ல ஏற்கனவே அண்டர்ஸ்டியர்னு சொல்றீங்க. முன்பக்கத்துக்கு ஒண்ணும் செய்யாம விங் மட்டும் போட்டா அடுத்த புகார் 3-ம் வளைவுல முன்பக்கம் தள்ளுதுன்னு வரும்.

ஆனா மெதுவான வளைவுல நல்லா இருந்து வேகத்துல மட்டும் லேசாகுதுன்னா, பிரச்சினை சஸ்பென்ஷன்ல இல்லை, பெரும்பாலும் காத்துலதான். அந்த வகையில விங் யோசனை தப்பில்லை, வரிசைதான் மாறணும்.

ஷா_ஆலம்_பிஆர்இசட்:

என்னோடது அதே எஃப்ஏ20 எஞ்சின் உள்ள சுபாரு பிஆர்இசட். எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசறீங்க, தம்பிக்கு அவசரம் எண்ணெய்தான். இந்த எஞ்சின்ல தண்ணி தாக்குப்பிடிக்கும், எண்ணெய்ச் சூடுதான் முதல்ல எகிறும். கம்பெனி எண்ணெய் 0டபிள்யூ-20. எண்ணெயோட கனத்தை 150 டிகிரியில வச்சு அளக்கற ஒரு தர அளவு இருக்கு. அந்த எண் கூடினா எண்ணெய் கெட்டி. 20-க்குக் குறைஞ்சபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. ரோட்டுல மைலேஜுக்கு 20 சரி. 134 டிகிரியில 7,000 ஆர்பிஎம் அடிக்கறவங்களுக்கு அந்தப் படலம் ரொம்ப மெலிசு. அடுத்த டிராக் டேக்கு முன்னாடி நல்ல 5டபிள்யூ-30 ஊத்துங்க, இது இன்னைக்கே செய்யற வேலை.

அதுக்கப்புறம் ஆயில் கூலர். 86-ல ஃபில்டர் எஞ்சின் மேல, முன்பக்கம் நிமிர்ந்து நிக்கறதால, ஃபில்டருக்கு அடியில இருந்து எண்ணெயைக் கூலருக்குத் திருப்பற சாண்ட்விச் பிளேட் மாட்டறது சுலபம். தெர்மோஸ்டாட் (சூடானா மட்டும் திறக்கற வால்வு) உள்ள பிளேட்டா பார்த்து வாங்குங்க. அது இல்லாட்டி காலையில வேலைக்குப் போற ரோட்டுல எண்ணெய் சூடே ஆகாது, அதுவும் எஞ்சினுக்குக் கேடு. 19 ரோ (வரிசை) அளவு கூலர் இந்த எஞ்சினுக்குச் சரியா இருக்கும்.

வைக்கற இடம்தான் முக்கியம். கடைகள்ல நடுவுல, ரேடியேட்டருக்கு நேர் முன்னாடி தொங்க விட்டுடறாங்க, வேலை சுலபம்னு. எண்ணெய் விட்ட சூட்டைத்தான் பிறகு ரேடியேட்டர் குடிக்கும், எண்ணெய் இறங்கும், தண்ணி ஏறும். ஃபாக் லைட் இருக்கற மூலையில வச்சு, அந்த ஓட்டையில இருந்து தனி டக்ட் கொடுத்து, பின்னாடி ஆர்ச் லைனர்ல (ஆர்ச்சோட உள்பக்க உறை) லூவர் வெட்டி வெளியே விடுங்க. ஆர்ச்சுக்குள்ள பெரும்பாலும் அழுத்தம் குறைவு, டெல்டா_பி சொன்ன குழாயை வச்சு உறுதி பண்ணிக்குங்க.

ஈப்போ_ஜிஆர்:

நான் புது ஜிஆர்86 வச்சிருக்கேன், 2.4 லிட்டர். சூட்டோட இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்க. இந்த எஃப்ஏ24-ல நீளமான வலது வளைவுல எண்ணெய் அழுத்தம் இறங்கறதை டிராக்ல ஓட்டற பலரும் பதிவு பண்ணியிருக்காங்க. எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கி, உறிஞ்சற குழாய்க்குக் கிடைக்காம போகுது. செபாங்ல 15 வளைவுல 10 வலது. 1, 3, 7-8 எல்லாம் நீண்டுகிட்டே போற வலது. ஏரோ போட்டு பிடி கூடினா பக்கவாட்டு விசையும் கூடும், அதே வளைவுல எண்ணெய் இன்னும் ஒதுங்கும். அதனால என் கருத்து, விங் மாட்டறதுக்கு முன்னாடி எண்ணெய் அழுத்த மீட்டர் மாட்டணும். பம்பருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியற பொருளுக்குக் காசு சுலபமா வருது, எஞ்சினைக் காப்பாத்தற மீட்டருக்கு வர மாட்டேங்குது. இது எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம்.

கிள்ளான் வண்டி பழைய எஞ்சின்தான், இருந்தாலும் அழுத்தம் தெரிஞ்சா நல்லது. எண்ணெயை டிப்ஸ்டிக் மேல்கோட்டுல வச்சு ஓட்டுங்க, கீழ்க்கோட்டுக்குப் பக்கத்துல வச்சு டிராக்குக்கு வராதீங்க.

உட்லண்ட்ஸ்_எம்எக்ஸ்5:

சிங்கப்பூர்ல இருந்து செபாங் வர்ற ஆள் நான். வண்டி வேற, ஆனா பாடம் ஒண்ணுதான்னு சொல்றேன். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சின் முதல்ல முன்சக்கரம் இழுக்கற மாஸ்டா 323 காருக்காகக் குறுக்கா வைக்க வடிவமைச்சது. அதை நெடுக்கா திருப்பி வச்சப்போ தண்ணி வெளியேறற வாயையும் தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கத்துக்கு மாத்திட்டாங்க. தண்ணி முன்னாலயே நுழைஞ்சு முன்னாலயே வெளியேறுது, கடைசி நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. மீட்டர்ல 98 காட்டும், நாலாவது சிலிண்டர் பக்கம் அதை விடச் சூடு. வெளிவாயை சிலிண்டர் ஹெட்டோட பின்பக்கத்துக்கு மாத்தற வேலையை ரீரூட்னு சொல்வாங்க, டிராக்ல ஓடற எம்எக்ஸ்-5-ல இது பரவலா இருக்கும். சென்சார் எங்க உட்கார்ந்திருக்குன்னு தெரியாம அந்த எண்ணை மட்டும் நம்பாதீங்க.

இன்னொண்ணு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பைபாஸ் வால்வும் சேர்ந்த தெர்மோஸ்டாட்னா, அதைக் கழட்டினதும் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்பி எஞ்சினுக்குள்ள வந்துடும்.

இருங்காட்டுக்கோட்டை_ஞாயிறு:

சென்னையில இருந்து எழுதறேன். எங்க இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர்தான், செபாங் 5.5. உங்க அளவுக்கு நேர்ச்சாலை எங்களுக்கு இல்லை, ஆனா வெயில்ல நாங்க குறைஞ்சவங்க இல்லை. செலவே இல்லாத ஒரு வேலை சொல்றேன், இதை யாரும் சொல்லலை. ஏசி கண்டன்சரையும் (ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு ஏசி சூட்டை வெளியேத்தறது) ரேடியேட்டரையும் பிரிச்சு நடுவுல பாருங்க. அஞ்சாறு வருஷம் ஓடின வண்டின்னா அங்க தூசி, பூச்சி, டயர் ரப்பர் துகள் எல்லாம் சேர்ந்து ஒரு போர்வையே இருக்கும். முன்னாடி இருந்து பார்த்தா கண்டன்சர் சுத்தமா தெரியும், அழுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும். எஞ்சின் பக்கத்துல இருந்து முன்னோக்கி, அழுத்தம் குறைஞ்ச தண்ணியில கழுவுங்க. ஜெட் வாஷ் அடிச்சா ஃபின் படுத்துடும். வளைஞ்ச ஃபின்களைச் சீப்பு வச்சு நிமிர்த்துங்க.

கூலன்ட்டையும் பாருங்க. நமக்குத் தண்ணி உறையற கவலை இல்லை. கூலன்ட்ல இருக்கற கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தா அதோட வெப்பம் ஏந்தற திறன் ஒரு டிகிரிக்கு, கிலோவுக்கு 3.4 கிலோஜூல் பக்கம், வெறும் தண்ணிக்கு 4.18. கால் பங்கு கூலன்ட், முக்கால் பங்கு டிஸ்டில்டு வாட்டர்னு வச்சா சூடு நல்லா கடத்தும், துருவும் பிடிக்காது. கொதிநிலை சின்ன அளவுல இறங்கும், அதை ஈடுகட்ட ரேடியேட்டர் மூடி ஸ்பிரிங் நல்லா இருக்கணும். மூடி பழசுன்னா மாத்திடுங்க.

ரவாங்_டிரிஃப்ட்:

கண்ணாடியடி அழுத்தம் விஷயம் எனக்குப் புதுசு. இன்னைக்கே ஸ்பேசரைக் கழட்டறேன் அண்ணே. அடித்தட்டைக் கழட்டினா சூடு கீழ வழியா போயிடும்னு எங்க பக்கம் எல்லாரும் செய்யறாங்க, அது சரியா?

காத்துவழி:

பெரும்பாலும் சரியில்லை. கம்பெனி அடித்தட்டு சும்மா மண் தெறிக்காம இருக்க மட்டும் போட்டது இல்லை. காருக்கு அடியில ஓடற காத்து நேரா எஞ்சின் பேக்குள்ள எகிறாம தடுக்குது, ரேடியேட்டருக்குப் பின்னாடி அழுத்தத்தைக் குறைச்சு வைக்குது. கழட்டினா எஞ்சின் பே நிரம்பும், ரேடியேட்டர் காத்துக்குப் போக இடம் இருக்காது, முன்பக்கமும் தூக்கும். தட்டை வச்சுக்கிட்டு பொனட்ல வழி திறக்கறதுதான் முறை.

பெரிய கம்பெனி இதை எப்படிச் செய்யுதுன்னு பார்க்க ஆசைன்னா 2022-ல வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ்ஸைப் பாருங்க. மூணு ரேடியேட்டரை எடுத்துட்டு, முன்னாடி சாமான் வைக்கற இடத்துல ஒரே பெரிய ரேடியேட்டரைச் சாய்ச்சு வச்சாங்க. சூடான காத்து பொனட்ல இருக்கற ரெண்டு நாசி வழியா மேல போகுது. அந்தச் சூடு பின்னாடி இருக்கற எஞ்சினோட உள்மூச்சுல கலந்துடக் கூடாதுன்னு கூரை மேல துடுப்பு வச்சு ரெண்டு பக்கமும் ஒதுக்கி விட்டிருக்காங்க. ரேடியேட்டர் பக்கத்துல இருந்து நகர்ந்ததால காலியான இடத்தை அப்படியே முன்பக்க ஏரோவுக்குக் கொடுத்தாங்க. 200 வேகத்துல 409 கிலோ, 285-ல 860 கிலோ டவுன்ஃபோர்ஸ். சாமான் வைக்கற இடத்தையே ஒரு கம்பெனி விட்டுக் கொடுத்திருக்குன்னா காத்தோட வழி எவ்வளவு பெறுமானம்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு அந்தக் கார்ல பின்னாடி இருக்கற பெரிய விங்கை விட முன்னாடி இருக்கற அந்த ரெண்டு ஓட்டைதான் அழகு.

கிள்ளான்86:

எல்லாருக்கும் பெரிய நன்றி. செஞ்சதை எழுதறேன், மத்தவங்களுக்கும் உதவும்.

கண்டன்சருக்குப் பின்னாடி இருங்காட்டுக்கோட்டை அண்ணன் சொன்ன போர்வை அப்படியே இருந்தது. கழுவினேன். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வளைச்சு, ஓரத்துல ரப்பர் பீடிங் போட்டு, மேல கீழ கெட்டி ஃபோம் வச்சு அடைச்சேன். உள்ள டார்ச் வச்சு முன்னாடி இருந்து பார்த்தா வெளிச்சம் எந்த ஓரத்துலயும் கசியலை. ஆயில் கூலர் 19 ரோ, இடது ஃபாக் லைட் மூலையில, ஆர்ச் வழியா வெளியேறுது. எண்ணெய் 5டபிள்யூ-30. ரேடியேட்டர் கம்பெனிதான், மாத்தலை. அடித்தட்டும் அப்படியே இருக்கு.

போன வாரம் செபாங், பகல் பதினொரு மணி செஷன், வெளியே 33 டிகிரி. இடையில ஆற விடாம தொடர்ந்து ஓட்டினேன். எண்ணெய் 117-ல ஏறி அங்கயே நின்னுடுச்சு. தண்ணி 97, பின்பக்க நேர்ச்சாலையில 94 வரைக்கும் இறங்குது.

குழாய் டெஸ்ட்டும் பண்ணிட்டேன். பொனட் முன்விளிம்புல இருந்து ஒரு சாண் பின்னால பொனட் பக்கம் 14 மில்லிமீட்டர் ஏறுச்சு. நடுவுல 5. வைப்பர்கிட்ட தலைகீழா எஞ்சின் பேப் பக்கம் ஏறுச்சு. தண்ணி அந்தப் பக்கம் போறதைக் கண்ணால பார்த்தப்புறம் ஸ்பேசர் ஆசை போயிடுச்சு.

இப்போ ஏரோ. கையில மிச்சம் கொஞ்சம் இருக்கு. எதை முதல்ல?

டெல்டா_பி:

அருமையான அளவு. 14 மில்லிமீட்டர்னா சுமார் 140 பாஸ்கல். 180 போனா வர்க்கக் கணக்குல அது 370-ஐத் தாண்டும். லூவரை அந்த ஒரு சாண் தூரத்துல வெட்டுங்க, நடுவுல வேண்டாம்.

வரிசை இதுதான்: பொனட் லூவர், முன்னாடி ஏர் டேமும் (பம்பருக்குக் கீழ காத்தைத் தடுக்கற தடுப்பு) சின்ன ஸ்ப்ளிட்டரும் (அதுக்கு அடியில முன்னால நீட்டற தட்டு), கடைசியா விங். லூவர் போட்டதும் மறுபடியும் ஒரு செஷன் ஓட்டி 5, 6-ல எப்படி இருக்குன்னு பாருங்க. முன்பக்கம் மட்டும் கூடினதால பின்பக்கம் முன்னை விட லேசா தெரியலாம், அதனால அந்த செஷன்ல அந்த வளைவை விட்டுக் கொடுத்தே ஓட்டுங்க. பிறகு விங்கைக் குறைஞ்ச கோணத்துல மாட்டி, ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க. 5, 6-ல பின்பக்கம் உறுதியாகி, 3-ல முன்பக்கம் தள்ள ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும். 15-ம் வளைவுல கார் எப்படித் திரும்புதுங்கறதை வச்சு விங் கோணத்தை முடிவு பண்ணாதீங்க, அந்த வேகத்துல விங் பேசவே பேசாது.

ஸ்ப்ளிட்டரை பம்பர் பிளாஸ்டிக்ல மட்டும் பூட்டாதீங்க. சேஸிஸ்ல இருந்து பிடி வரணும், முன்ஓரத்துக்கு ரெண்டு தாங்கு கம்பி வேணும். பூட்டினதும் மேல ஏறி நின்னு பாருங்க. வளைஞ்சா அது இன்னும் டிராக்குக்குத் தயாராகலை. விங்கும் அப்படித்தான், வெறும் பூட் தகட்டுல நாலு ஓட்டை போட்டு மாட்டினா தகடுதான் ஆடும். உள்பக்கம் பட்டை வச்சுக் கெட்டி பண்ணுங்க.

ரோட்டுல ஓட்டற வண்டிங்கறதால ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதியையும் பார்த்துக்குங்க. கழட்டி மாட்டற மாதிரி செஞ்சு பேடாக்ல (டிராக்ல வண்டிகளைத் தயார் பண்ற இடம்) வச்சுப் பூட்டறது நல்லது.

ஈப்போ_ஜிஆர்:

பிரேக்கை மறந்துடாதீங்க. சூட்டுல நிக்காம தொடர்ந்து ஓட்ட முடியுதுன்னா பிரேக்குக்கு ஆறற லேப்பும் போயிடுச்சுன்னு அர்த்தம். 1, 4, 9, 14, 15 எல்லாமே பெரிய பிரேக்கிங். டாட் 4 பிரேக் திரவத்துக்குப் புதுசுல கொதிநிலை குறைஞ்சபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறினா 155-தான். நம்ம ஊர் ஈரப்பதத்துல அது வேகமா இறங்கும். 300-க்கு மேல கொதிக்கற ரேஸ் திரவம் ஊத்தி அடிக்கடி மாத்துங்க. டக்ட் போட்டா டிஸ்க் முகத்துல காத்து அடிக்கக் கூடாது. நடு ஓட்டையில, உள்பக்கமா விடணும். டிஸ்க் தன் சிறகால அதை இழுத்து வெளியே வீசும், ரெண்டு முகமும் ஒரே மாதிரி ஆறும்.

கிள்ளான்86:

வலது ஃபாக் லைட் மூலை காலியா இருக்கு, அதுல இருந்து வலது பிரேக்குக்கு டக்ட் எடுக்கலாம். இடது மூலையில ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கே, இடது பிரேக்குக்கு எங்க இருந்து எடுக்கறது?

காத்துவழி:

ஏர் டேம் போடப் போறீங்கதானே, அதுல நடுவை ஒட்டி ரெண்டு வாய் வெட்டி ரெண்டு பிரேக்குக்கும் அங்க இருந்தே எடுங்க. முன்முகத்துல அழுத்தம் அதிகமான இடம் நடுப்பகுதிதான். மூணு அங்குலக் குழாய் போதும். வலது மூலையை அடைச்சிடுங்க, தேவையில்லாத ஓட்டை வழியா காத்து உள்ள போனா எஞ்சின் பேயில அழுத்தம்தான் ஏறும்.

ஷா_ஆலம்_பிஆர்இசட்:

ஆயில் கூலர் போட்டவங்க எல்லாருக்கும் ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒரு வண்டியில கடைக்காரர் குழாயை ஆர்ச் லைனர் ஓரத்துல உரசற மாதிரி விட்டுட்டார், தேய்ஞ்சு கசிஞ்சு எண்ணெய் முன்டயர்ல விழுந்தது. நல்லவேளை பேடாக்லயே கண்ணுல பட்டது. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஜாக்ல தூக்கி, சக்கரமும் லைனரும் குழாயைத் தொடுதான்னு பாருங்க. தொடற இடத்துல ரப்பர் உறை போட்டுக் கிளிப்பால கட்டுங்க. ஒவ்வொரு ஃபிட்டிங்லயும் நட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால ஒரு கோடு போடுங்க. முதல் செஷன் முடிஞ்சு வந்ததும் துணியால துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. கோடு விலகியிருந்தா ஃபிட்டிங் தளர்ந்திருக்கு, இறுக்கிட்டுத்தான் அடுத்த செஷனுக்குப் போகணும்.